வயதோடு மனம் மாறும் விதம்: புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்கு

வளர்ச்சி உளவியல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது குழந்தை வளர்ப்புப் புத்தகம். ஆறாம் மாதம் உட்காரும், ஓராண்டில் நடக்கும், பதின்மூன்றில் எதிர்த்துப் பேசும், பிறகு ஆளாகிவிடும். அதோடு கதை முடிந்தது. இந்தத் துறையும் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. பிறப்பிலிருந்து இறப்புவரை மனம் மாறிக்கொண்டே இருக்கிறது என்ற பார்வை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வலுப்பெற்றது. அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் ஜெர்மானிய உளவியலாளர் பால் பால்ட்டஸ். எந்த வயதிலும் ஏதோ ஒன்று கூடுகிறது, ஏதோ ஒன்று குறைகிறது என்பது அவர் கட்சி. கைக்குழந்தைக்குக்கூட இழப்பு உண்டு. ஆறு மாதக் குழந்தை, தான் கேட்டே அறியாத மொழிகளின் நுண்ணிய ஒலி வேறுபாடுகளையும் பிரித்து உணர்கிறது. ஓராண்டு நிறைவதற்குள் அந்தத் திறமை பெரிதும் மங்கிவிடுகிறது. தாய்மொழியில் காது கூர்மையாவதற்குக் கொடுக்கும் விலை அது.

நான் இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படித்தேன். முதலில் கோட்பாடுகளை உருப்போட்டேன். மனிதர்களைப் பிறகுதான் பார்த்தேன். அதில் இரண்டு மூன்று ஆண்டுகள் வீணாயின. நீங்கள் வேறு வரிசையில் போகலாம்.

முதல் படி: ஒரு தாள், இரண்டு கேள்விகள்

தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம்: கடந்த பத்து ஆண்டுகளில் உங்கள் குணம், விருப்பங்கள், முக்கியம் என்று நினைப்பவை எவ்வளவு மாறியிருக்கின்றன? வலப்பக்கம்: வரும் பத்து ஆண்டுகளில் எவ்வளவு மாறும்? அவசரமில்லாமல் எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை அடுத்த பத்தியைப் படிக்க வேண்டாம்.

பெரும்பாலும் இடப்பக்கம் நிரம்பியிருக்கும், வலப்பக்கம் காலியாகக் கிடக்கும். 2013-இல் ஜோர்டி குவாட்பாக், டேனியல் கில்பர்ட், திமோதி வில்சன் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 முதல் 68 வயது வரையுள்ள 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இதே வகைக் கேள்விகளைக் கேட்டிருந்தார்கள். இருபது வயதுக்காரரும் சொன்னார், அறுபது வயதுக்காரரும் சொன்னார்: 'இதுவரை நிறைய மாறிவிட்டேன், இனி அவ்வளவாக மாட்டேன்.' வயது ஏற ஏற மாற்றத்தின் வேகம் குறைவது உண்மைதான். ஆனால் எந்த வயதிலும் மனிதர்கள் தங்கள் எதிர்கால மாற்றத்தைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். வரலாறு இன்றோடு முடிந்துவிட்டதாக நினைக்கும் மாயை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

என்னிடமும் அப்படி ஒரு தாள் இருக்கிறது. இளவயதில் 'என்னிடம் மாறாத ஐந்து' என்று தலைப்பிட்டு எழுதியது. நான்காவது வரி, ஒரு நண்பனின் பெயரைச் சொல்லி, 'இவனோடு இனி ஒருநாளும் பேசமாட்டேன்.' இன்று எனக்கு ஓர் இடைஞ்சல் என்றால் நான் முதலில் தொலைபேசியில் அழைப்பது அவனைத்தான். மற்ற நான்கையும் சொல்லப்போவதில்லை. அவை இன்னும் மோசம்.

இந்தப் படியை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், தன்னை முடிந்துபோன ஆளாக நினைப்பவர் பிறரையும் அப்படியே படிப்பார். குழந்தை என்றால் 'இன்னும் ஆகாதவர்', முதியவர் என்றால் 'தேய்ந்துபோனவர்', நடுவே தான் மட்டும் சரியான அளவு.

இரண்டாம் படி: ஒரு குழந்தையின் தவறான விடையைக் கேளுங்கள்

ழான் பியாஜே சுவிட்சர்லாந்துக்காரர், 1896-இல் பிறந்தவர். இளைஞராகப் பாரிஸில் இருந்தபோது, குழந்தைகளுக்கான அறிவுத்தேர்வு ஒன்றைத் தரப்படுத்தும் வேலை அவரிடம் வந்தது. சரியான விடைகளை எண்ணினால் போதும். அவர் கண்ணோ தவறான விடைகள் மீது போயிற்று. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரி தவறு செய்கிறார்கள் என்றால், அது அறியாமையாக மட்டும் இருக்க முடியாது. அதற்குள் ஒரு தர்க்கம் இருக்க வேண்டும். அவருடைய வாழ்நாள் வேலை அங்கே தொடங்கியது. பிற்பாடு தம் மூன்று குழந்தைகளையும் கூர்ந்து பார்த்துக் குறிப்பேடுகளை நிரப்பினார்.

அவருடைய புகழ்பெற்ற தண்ணீர்ச் சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்கள், உயரமான ஒடுங்கிய கண்ணாடிக் குவளை ஒன்று, தண்ணீர். நான்கு அல்லது ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, அது விளையாடும் மனநிலையில் இருக்கும்போது. என் தங்கையின் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது செய்தேன். இரண்டு டம்ளர்களிலும் சமமாக ஊற்றினேன். குனிந்து பக்கவாட்டில் பார்த்துவிட்டு, ஒன்றில் ஒரு சொட்டுக் கூட்டச் சொன்னாள். கூட்டினேன். 'இப்போது?'

'இப்போது சரி, மாமா.'

ஒரு டம்ளர் தண்ணீரை அவள் கண்ணெதிரே உயரமான குவளைக்கு மாற்றினேன். 'இப்போது எதில் அதிகம்?'

'இதில்தான்!' விரல் குவளையின் மேல்மட்டத்தைத் தொட்டது.

'எப்படி?'

'பாருங்களேன், எவ்வளவு மேலே வந்துவிட்டது!'

மறுபடி டம்ளரில் ஊற்றினேன். 'இப்போது?' 'சமம்.' முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பம் எனக்குத்தான். நாம் முரண்பாடு என்று நினைப்பது அவளுக்கு முரண்பாடே அல்ல. உயரம் கூடியதை அவள் பார்க்கிறாள். அகலம் குறைந்ததையும் சேர்த்து ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைக்க அவளால் இன்னும் முடியவில்லை. பியாஜேயின் கணக்குப்படி ஏறக்குறைய 7 வயதுக்கு மேல் இந்தப் பிடி கிடைக்கிறது. இரண்டரை ஆண்டு கழித்து அதே குவளையை எடுத்தபோது அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, 'அதே தண்ணீர்தானே, மாமா?' என்றாள்.

செய்யும்போது சில எச்சரிக்கைகள். குழந்தையைத் திருத்தாதீர்கள். 'எப்படி?' என்ற கேள்வியை விடாதீர்கள். விடையைவிடக் காரணம்தான் உங்களுக்கு வேண்டும். கேள்வியின் தொனியையும் கவனியுங்கள், ஏனென்றால் பியாஜே சறுக்கிய இடம் அதுதான். 1974-இல் மெக்காரிகல், டொனால்ட்சன் இருவரும் இதே வகைச் சோதனையில் ஒரு கரடி பொம்மையை நுழைத்தார்கள். இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் பொருள்களை அடுக்கிவிட்டு, குறும்புக்காரக் கரடி வந்து ஒரு வரிசையைக் கலைத்துவிட்டதுபோல நாடகமாடினார்கள். ஆய்வாளரே வரிசையை மாற்றியபோது தவறிய பல குழந்தைகள், கரடி கலைத்தபோது 'எண்ணிக்கை மாறவில்லை' என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒன்றை வேண்டுமென்றே மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், வேறு விடை எதிர்பார்க்கிறார் என்று குழந்தை நினைக்கிறது போலும். பள்ளியில் நாமும் அப்படித்தானே நினைத்தோம்?

கைக்குழந்தைகளையும் பியாஜே குறைத்து மதிப்பிட்டார். பொருள் கண்ணில் படாவிட்டாலும் இருக்கிறது என்ற அறிவு எட்டு மாத வாக்கில்தான் தெரிய வருகிறது என்றார். ரெனே பையார்ஜோன் குழுவினர் 1985-இல், கையால் தேடச் சொல்லாமல் கண் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதை மட்டும் அளந்து, 5 மாதக் குழந்தைகளிடமே அதன் அடையாளங்களைக் காட்டினார்கள். ஆக, பாடநூலில் ஒரு வயது எண்ணைப் பார்த்தால், அதற்குப் பக்கத்தில் 'எப்படிக் கேட்டார்கள்?' என்று பென்சிலால் எழுதுங்கள். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: இவை விளையாட்டுச் சோதனைகள். உங்கள் குழந்தையின் வளர்ச்சியில் உண்மையான கவலை இருந்தால் குவளையை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மூன்றாம் படி: பிரிவைவிடத் திரும்பி வருவதைப் பாருங்கள்

குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையேயுள்ள பிணைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஜான் பவுல்பி, மேரி ஐன்ஸ்வர்த் என்ற இரண்டு பெயர்களும் வந்தே தீரும். ஐன்ஸ்வர்த் சுமார் 20 நிமிடச் சோதனை ஒன்றை வகுத்தார். ஓராண்டு கடந்த குழந்தை, அறிமுகமில்லாத அறை, பொம்மைகள், ஓர் அந்நியர். தாய் சிறிது நேரம் வெளியே போய்த் திரும்புகிறார். தாய் போனதும் குழந்தை எவ்வளவு அழுதது என்பதில்தான் எல்லோருடைய கவனமும் போகும். ஐன்ஸ்வர்த் பார்த்ததோ தாய் திரும்பிய கணத்தை: ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, தேறி, மறுபடி விளையாடப் போகிறதா? கண்டுகொள்ளாமல் இருக்கிறதா? தூக்கினால் திமிறி, இறக்கினால் அழுகிறதா?

இதைப் படித்த கையோடு பலர், சிறுவயதுப் பிணைப்புதான் பின்னாள் உறவுகளை முடிவுசெய்கிறது என்று எடுத்துக்கொண்டு, தங்கள் திருமணச் சிக்கல் முழுவதற்கும் தாயைக் குற்றம் சொல்லக் கிளம்புகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன். அதற்கு மாற்று மருந்தாக ஹவாயின் கவாய் தீவு ஆய்வைப் படியுங்கள். 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பத்தில் குடிப்பழக்கம், மனநோய், ஓயாத சண்டை எனப் பல இடர்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் திடமான, அன்பான, வேலைசெய்யத் தகுந்த பெரியவர்களாக ஆனார்கள். அவர்களுடைய வாழ்வில் அடிக்கடி காணப்பட்டது, பெற்றோராக இல்லாவிட்டாலும் அக்கறை காட்டிய யாரோ ஒருவர். தொடக்கத்தில் தடுமாறிய மற்றவர்களிலும் பலர் முப்பதுகளில் தலைநிமிர்ந்தார்கள்.

நான்காம் படி: பதின்பருவத்தினரைத் தனியாகவும் பாருங்கள், கூட்டமாகவும் பாருங்கள்

'ஹார்மோன்' என்ற ஒரே சொல்லால் பதின்பருவத்தை விளக்கிவிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். 2005-இல் கார்ட்னரும் ஸ்டைன்பெர்கும் கணினியில் ஒரு கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்தார்கள். தனியாக ஆடும்போது 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் பெரியவர்களைவிட அதிகம் துணியவில்லை. அருகில் தோழர்கள் நின்று பார்த்தபோது அவர்கள் எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. 'உனக்கு அறிவில்லையா?' என்று கேட்பதில் பயனில்லை. அறிவு இருக்கிறது, பார்வையாளர்கள் இருந்தார்கள்.

இந்த வயதின் இன்னொரு வேலை 'நான் யார்?' என்பது. அடையாள நெருக்கடி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த எரிக் எரிக்சனுக்கு அது வெறும் கோட்பாடு அல்ல. பெற்ற தந்தை யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. மாற்றாந்தந்தையின் பெயரான ஹோம்பர்கரைச் சுமந்து வளர்ந்தார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்று தமக்குத் தாமே குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார். எரிக்கின் மகன் என்று பொருள்! ஜேம்ஸ் மார்சியா 1966-இல் இந்தத் தேடலை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: தேடாமல் பிடிப்பும் இல்லாமல் மிதப்பவர், தேடாமலே பிறர் கொடுத்ததைத் தனதாக்கிக்கொண்டவர், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர், தேடி முடிவுக்கு வந்தவர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டாமவரும் நான்காமவரும் ஒரே மாதிரி உறுதியாகத் தெரிவார்கள். 'இதற்கு வராமல் வேறு எதையெல்லாம் யோசித்தாய்?' என்று கேட்டால்தான் வேறுபாடு புரியும்.

ஐந்தாம் படி: எரிக்சனின் பட்டியலை மதிப்பெண் தாளாக்காதீர்கள்

எரிக்சன் 1950-இல் முன்வைத்த எட்டுப் பருவங்கள் எல்லாப் பாடநூலிலும் உண்டு. நம்பிக்கையா அவநம்பிக்கையா என்பதில் தொடங்கி, இளமையில் நெருக்கமா தனிமையா, நடுவயதில் அடுத்த தலைமுறைக்காக எதையாவது ஆக்கித் தருவதா தேங்கிப்போவதா, முதுமையில் நிறைவா விரக்தியா என்று போகும். புதிதாகப் படிப்பவர் உடனே தன் வயதைத் தேடி, 'தேர்ச்சியா, தோல்வியா?' என்று பார்ப்பார். அது அப்படிப்பட்ட பட்டியல் அல்ல. அந்த வயதில் எந்தக் கேள்வி உரக்கக் கேட்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. மற்றக் கேள்விகள் ஓய்ந்துவிடுவதில்லை. எரிக்சன் 1994-இல் மறைந்த பிறகு, தொண்ணூறைத் தாண்டியிருந்த அவருடைய மனைவி ஜோன், மிக முதிய வயதுக்கென ஒன்பதாம் பருவம் ஒன்றைச் சேர்த்து 1997-இல் வெளியிட்டார். உடல் நம்மைக் கைவிடும்போது பழைய கேள்விகள் எல்லாமே திரும்பி வருகின்றன என்பது அவர் கண்டது. எண்பதுகள்வரை வாழ்ந்து பார்த்த பிறகுதான் பட்டியலில் இடம் போதவில்லை என்று அந்தத் தம்பதிக்கே தெரிந்தது.

நடுவயது நெருக்கடியைப் பற்றி இரண்டே வரி. அந்தச் சொல் எலியட் ஜாக்ஸின் 1965 கட்டுரையிலிருந்து வந்தது. அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டது கலைஞர்களின் வாழ்க்கைகளை. பொது மக்களிடம் பின்னர் ஆராய்ந்தபோது சிறுபான்மையினரே அப்படி ஒன்றைச் சொன்னார்கள். அதிலும் பலருக்குக் காரணம் வேலையிழப்பு, மணமுறிவு, நோய் போன்றவை.

அதைவிடச் சுவையானது குணத்தின் மெதுவான நகர்வு. 2006-இல் ராபர்ட்ஸ் குழுவினர் 92 நெடுங்கால ஆய்வுத் தொகுதிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பொறுப்புணர்வும் மன அமைதியும் சராசரியாகக் கூடிக்கொண்டே போயின, குறிப்பாக 20 முதல் 40 வயதுக்குள். 'அவன் பள்ளியில் பார்த்த மாதிரியே இருக்கிறானே' என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் உண்மை. வகுப்பிலேயே ஒழுங்கானவள் நாற்பதிலும் அந்த வகுப்பில் ஒழுங்கானவளாகவே இருக்கக்கூடும். ஆனால் வகுப்பே முன்னால் நகர்ந்துவிட்டது. வரிசை பெரும்பாலும் அப்படியே இருக்க, வரிசை நிற்கும் இடம் மாறுகிறது.

ஆறாம் படி: வயதா, தலைமுறையா?

இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது. இன்றைய 25 வயதினரையும் 75 வயதினரையும் ஒரே நாளில் ஒரே தேர்வுக்கு உட்காரவைத்து, முதியவர்கள் குறைந்த மதிப்பெண் பெற்றால், 'வயதானால் அறிவு குறைகிறது' என்று எழுதலாமா? எழுதினார்கள், பல பத்தாண்டுகளாக. ஆனால் அந்த 75 வயதினருக்குக் கிடைத்த பள்ளிப்படிப்பு வேறு, ஊட்டம் வேறு, தேர்வு எழுதிய பழக்கம் வேறு. நீங்கள் அளந்தது வயதையா, பிறந்த ஆண்டையா?

வார்னர் ஷாயி 1956-இல் சியாட்டிலில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழையவர்களை மறுபடி சோதித்தார், ஒவ்வொரு முறையும் புதியவர்களையும் சேர்த்தார். ஒரே நாள் ஒப்பீட்டில் செங்குத்தாகச் சரிந்த கோடு, அதே ஆள்களைத் தொடர்ந்து பார்த்தபோது வெகுவாகச் சமனானது. பல திறன்கள் அறுபதுகளை நெருங்கும்வரை நிலைத்திருந்தன. வேகம் முன்னதாகவே குறைகிறது. சொல்வளமும் பட்டறிவும் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன.

தொடர்ந்து பார்க்கும் ஆய்வுக்கும் ஓட்டை உண்டு. நோயாளிகளும் சலித்தவர்களும் பாதியில் விலகிவிடுவார்கள். மிஞ்சுபவர்கள் தேறியவர்கள். போதாக்குறைக்கு அதே தேர்வை ஐந்தாம் முறை எழுதுபவருக்குக் கை பழகிவிடும். எனவே செய்தித்தாளில் 'இந்த வயதில் மூளை இப்படி' என்று கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒரே ஆள்களைத் தொடர்ந்து பார்த்தார்களா, வெவ்வேறு வயதினரை ஒரே நாளில் பார்த்தார்களா? நடுவில் விலகியவர்கள் எத்தனை பேர்? வீட்டுச் சூழலைக் கணக்கில் எடுத்தார்களா?

மூன்றாவது கேள்விக்கு மிட்டாய்ச் சோதனையே சாட்சி. இப்போதே ஒன்றா, பொறுத்திருந்தால் இரண்டா என்று வால்டர் மிஷெல் பாலர்களிடம் கேட்டார். பொறுத்தவர்கள் பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்ற செய்தி உலகைச் சுற்றியது. 2018-இல் வாட்ஸ் குழுவினர் இன்னும் பெரிய, பலதரப்பட்ட குழந்தைத் தொகுதியைப் பார்த்தார்கள். குடும்பப் பின்னணியைச் சேர்த்துக் கணக்கிட்டதும் அந்தத் தொடர்பு பெரும்பகுதி கரைந்துபோயிற்று.

ஏழாம் படி: ஒரு முதியவரோடு ஒரு மாலை

பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் முதுமையிலும் எப்படி வாசித்தார் என்பதற்குப் பால்ட்டஸ் அடிக்கடி சொன்ன விளக்கம் இது: வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார், குறைத்தவற்றைக் கூடுதலாகப் பயிற்சி செய்தார், வேகமான பகுதிக்கு முன்னால் வேண்டுமென்றே மெதுவாக வாசித்தார், அடுத்து வருவது வேகமாகக் காதில் விழும்படி. முதுமையை இழப்பு என்று மட்டும் படித்தவருக்கு இந்தத் தந்திரம் கண்ணில் படாது. நட்பிலும் இதே குறைப்பு நடக்கிறது. எதிரே இருக்கும் காலம் சுருங்குவதாக உணர்பவர்கள் அறிமுகங்களை விட்டுவிட்டு, மனத்துக்கு நெருக்கமானவர்களை வைத்துக்கொள்கிறார்கள் என்பது லாரா கார்ஸ்டென்சனின் கோட்பாடு. தாத்தா யாரோடும் பழகுவதில்லை என்று வருந்துமுன், யாரோடு பழகுகிறார் என்று பாருங்கள்.

பேச உட்காரும்போது 15 முதல் 25 வயதுவரை நடந்தவற்றைக் கேளுங்கள். முதியவர்களுக்கு அந்தக் காலத்து நினைவுகள்தான் மிகுதியாக வரும் என்பது பலமுறை உறுதியான செய்தி. சொன்னதையே மறுபடி சொன்னால் இடைமறிக்காதீர்கள். இரண்டாம் முறை எது கூடியது, எது விடுபட்டது என்று கவனியுங்கள். ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963-இலேயே, வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது முதுமையின் இயல்பான மனவேலை என்று எழுதினார். அதுவரை அதை மூளைத் தளர்ச்சியின் அடையாளம் என்றுதான் பலர் நினைத்தார்கள்.

81 வயதான என் அத்தையிடம் அப்படி ஒரு மாலை உட்கார்ந்தேன். கிளம்பும்போது, முதல் படியில் சொன்ன அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டேன். கடந்த பத்து ஆண்டுகளில் என்ன மாறியது என்பதற்கு அரைமணி நேரம் பேசினார்: கணவர் போனபின் தனியாகத் தூங்கப் பழகியது, கோபம் குறைந்தது, கடவுளோடு சண்டை போட்டது, பிறகு சமாதானமானது. வரும் பத்து ஆண்டுகள் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார். 'இனிமேல் நான் எங்கேடா மாறப்போகிறேன்?'

அதையும் அப்படியே எழுதி, தேதி போட்டு வைத்தேன். நீங்களும் உங்கள் தாளில் தேதி போடுங்கள். என்னுடைய 'மாறாத ஐந்து' தாளில் நான் போடவில்லை. அதை எழுதியபோது எனக்கு வயது 23-ஆ 24-ஆ என்று நானும் அந்த நண்பனும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.